வெயில் சாப்பிட்ட அத்தை

போன வாரம் நம் தெருவின் போன் குழுவில் உங்களில் ஒருவர் ஒரு வீடியோ போட்டிருந்தார். யார் என்று சொல்லப் போவதில்லை, பயப்பட வேண்டாம். தாடி வைத்த சாமியார் ஒருவர் ஏதோ மலையடிவாரத்தில் உட்கார்ந்திருக்கிறார். வருஷக்கணக்காகச் சோறு தண்ணி கிடையாதாம், சூரியனைப் பார்த்தே உயிர் வாழ்கிறாராம். அதற்குக் கீழே நீங்களெல்லாம் கும்பிடுகிற கைகளாகப் போட்டுத் தள்ளியிருந்தீர்கள். 'நமக்கும் இந்தப் பாக்கியம் கிடைக்குமா' என்று ஒருத்தி கேட்டிருந்தாள். சாப்பாடு அரை மணி தாமதமானால் வீட்டை இரண்டாக்குகிறவள் அவள்! எனக்கு வந்த கோபத்தில் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டேன்.

படுத்தால் தூக்கம் எங்கே வருகிறது? நீங்களெல்லாம் மலையாள நாட்டுக் கரமனை அக்கிரகாரத்துக்காரர்கள்தானே. எங்கள் வீட்டு முற்றத்தில் என் அத்தை வெயில் சாப்பிட்டதை ரேழியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்று பார்த்தவர்கள்தானே. மறந்துபோயிருக்கும். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு எதுவும் மறந்துபோகும். நான் அந்த வீட்டுக்குள் இருந்தவள், எனக்கு மறக்காது. அதனால் நானே சொல்கிறேன், கேளுங்கள்.

அறுபதுகளின் நடுப்பகுதி. ஊரில் அரிசியே இல்லாத காலம். ரேஷன் கடையில் கொடுக்கிற அரிசியில் பாதி கல், மீதி புழு. களையும்போது ஈரச் சாக்கு நாற்றம் கைக்கு ஏறி மறுநாள் வரை போகாது. அதுவும் ஒரு வாரத்துக்குப் போதாது. மிச்சத்துக்குக் கோதுமையைத் தின்னு, மக்ரோனியைத் தின்னு என்று சொன்னார்கள். அந்த மக்ரோனியை அம்மா ஒரு தடவை வேகவைத்து மோர் ஊற்றிக் கொடுத்தாள். தம்பி தொண்டையில் சிக்கி இருமி, கண்ணெல்லாம் பிதுங்கி, எல்லோரையும் பயமுறுத்திவிட்டான். அதோடு அது ஒழிந்தது.

ஊரெல்லாம் மரச்சீனிக் கிழங்கு, அதுதான் மரவள்ளி, குவிந்து கிடந்தது. கரமனை ஜங்ஷனில் மண் ஒட்டிய கிழங்கை மலைபோலக் கொட்டி வைத்திருப்பார்கள். ஏழை, பணக்காரன் எல்லோரும் வாங்கிப் போனார்கள். நம் அக்கிரகாரத்துக்குள் மட்டும் அது வரக்கூடாது, கூலிக்காரன் தின்பதாம். "கிழங்கு வேகற வாசனை தெருவுக்குப் போச்சுன்னா மானம் போயிடும்" என்பார் அப்பா. நம் தெருவில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். பசித்த வயிற்றோடு ஏப்பம் விட்டுக் காட்டுகிற சாமர்த்தியம் நமக்கு மாதிரி யாருக்கு வரும்?

வீட்டில் நாங்கள் ஐந்து பேர். அப்பா ஒரு கணக்காபீசில் குமாஸ்தா. அம்மா, நான், தம்பி. அப்புறம் அத்தை, அப்பாவுக்கு அக்கா. அத்திம்பேர் பம்பாய்க்கு ஹோட்டல் வேலைக்குப் போனவர் போனவர்தான். கடிதாசு நின்றதும் அத்தை ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நல்ல தாட்டியான உடம்பு. சிரித்தால் மூன்று வீடு கேட்கும். சாப்பாடு என்றால் அத்தைக்கு உயிர். சாதத்தில் குழி பண்ணி ரசத்தை ஊற்றி, அது கரையை உடைத்துக்கொண்டு ஓடுவதற்குள் வளைத்துப் பிடித்து அள்ளுகிற வேகத்தைப் பார்த்தால் நமக்கும் இன்னொரு பிடி உள்ளே போகும்.

அம்மா அதற்கு நேர்மாறு. அம்மா எப்படிச் சாப்பிடுவாள் என்று நான் சொல்லவில்லை பாருங்கள். வருகிறேன் அதற்கு.

அந்தத் தை மாதம் அத்தை ஒரு சீமந்தத்துக்காக நாகர்கோவில் போனாள். அந்தப் பக்கம் அரிசி கிடைத்தது. ஆனால் மாநில எல்லை தாண்டிக் கொண்டுவரக் கூடாது, செக்போஸ்ட்டில் பிடித்துவிடுவார்கள். அத்தை என்ன செய்தாள் தெரியுமா? பழைய வேஷ்டியை நீளப் பையாகத் தைத்து, அதில் அரிசியை நிரப்பி இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, மேலே மடிசாரைக் கட்டிவிட்டாள். பஸ்ஸில் ஏறியபோதே சீமந்தம் யாருக்கு என்று சந்தேகம் வந்திருக்கும். செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் ஏறிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கப் போனாராம். அந்த நேரம் பார்த்துத் தையல் விட்டுப்போய், அத்தையின் காலடியில் அரிசி பொலபொலவென்று கொட்ட ஆரம்பித்தது.

அரிசியைப் பறித்துக்கொண்டு, வயசான ஸ்திரீ என்று விட்டுவிட்டார்கள். அத்தை அதைப் பெரிய தமாஷாக வந்து சொன்னாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் அந்தப் பஸ்ஸில் அப்பாவின் ஆபீஸ்காரர் ஒருவர் இருந்திருக்கிறார். மறுநாள் மேலதிகாரி அப்பாவைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்.

சாயங்காலம் அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குள் வந்தார். அத்தை எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என் வேலைக்கே உலை வைக்கப் பாத்தயே, அக்கா! நான் கவர்மெண்டு சம்பளம் வாங்கறவன். திருட்டு அரிசி கேக்கறதோ உனக்கு?"

"குழந்தேளுக்காக்கும் கொண்டுவந்தேன்டா" என்றாள் அத்தை.

"குழந்தேளுக்கு ரேஷன்ல வரது போறும். இந்த ஆத்துல அரிசி குறைச்சல் இல்லை, வாய்தான் ஜாஸ்தி. ஒரு வாய் குறைஞ்சா எல்லாம் சரியாப் போயிடும்!"

அத்தையின் கையில் ரசம் சாதம் இருந்தது. அவள் அதை வாய்க்கும் கொண்டுபோகவில்லை, உதறவும் இல்லை. மெதுவாகத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். எழுந்து போய்க் கையை அலம்பிக்கொண்டாள். அப்பா அதைக் கவனிக்கவே இல்லை, அம்மாவிடம் காப்பி கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் ரத சப்தமி. தெருவே எருக்கிலையைத் தலையில் வைத்துக்கொண்டு கரமனை ஆற்றில் முழுக்குப் போட்டுவிட்டு வந்தது. அத்தையும் வந்தாள். "இன்னிக்கு எனக்கு உபவாசம்" என்றாள். யாருக்கும் ஆச்சரியமில்லை. மறுநாளும் உபவாசம் என்றாள். அதற்கு மறுநாள், "நான் சூரியனுக்கு விரதம் எடுத்துண்டிருக்கேன், துளசி தீர்த்தம் மட்டும் போறும்" என்று சொல்லிவிட்டு, மணைப்பலகையை எடுத்து முற்றத்து வெயிலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நம் வீடுகளில் பட்டினிக்கு எப்பேர்ப்பட்ட மரியாதை! ஒருத்தி சாப்பிடாமல் இருந்தால் 'ஏன் சாப்பிடவில்லை' என்று எவன் கேட்டான்? 'என்ன விரதம்' என்றுதானே கேட்பான். அப்பா அதுகூடக் கேட்கவில்லை. அத்தைக்குப் பக்தி முற்றிவிட்டது என்று அவர் நிஜமாகவே நம்பினார். தான் சொன்ன வார்த்தை அவருக்கு அன்று ராத்திரியே மறந்துபோயிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அத்தை முற்றத்திலிருந்தே குரல் கொடுப்பாள். "என் பங்கைக் குழந்தேளுக்குப் போடு. பாத்துண்டிருக்கேன் நான்." பார்த்துக்கொண்டும் இருப்பாள். அம்மா எங்கள் தட்டில் ஒரு கரண்டி கூடப் போட வேண்டும், போட்டால்தான் அந்தக் கண் திரும்பும். தம்பிக்குக் கன்னம் உப்பியது. எனக்குப் பாவாடை நாடா இறுகியது. அந்தப் பஞ்சத்தில் சதை போட்ட குழந்தைகள் தெருவில் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும்.

எங்கள் எதிர்வீட்டில் ரிட்டையர்டு சூப்ரண்ட் மாமா இருந்தார். இங்கிலீஷ் பத்திரிகைகளாக வாங்கிப் படிப்பார், வெயில் இல்லாத நேரத்திலும் குடை பிடிப்பார். அவர்தான் கண்டுபிடித்தார்.

"ஓய், உம்ம அக்கா சாதாரண ஸ்திரீ இல்லை, கேட்டீரா?" என்று அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார். "மாசி பொறந்தாச்சு. ஒரு பருக்கை உள்ள போகலை. ஆனா உக்காந்து பேசறா, ஸ்லோகம் சொல்றா. எப்படி? சயன்ஸ் ஓய், சயன்ஸ்! செடி என்ன பண்றது? வெயிலைக் குடிச்சுத் தன் ஆகாரத்தைத் தானே பண்ணிக்கறது. இலைக்குள்ள பச்சையம்னு ஒண்ணு இருக்கு. துளசி தீர்த்தத்தையே குடிச்சுக் குடிச்சு அந்தப் பச்சையம் இவா ரத்தத்துல ஏறிடுத்து. நாடு முழுக்க அரிசிக்கு அல்லாடறான். இதுக்கு இதாக்கும் பரிகாரம். நான் டெல்லிக்கே எழுதப்போறேன்."

இதைக் கேட்டுச் சிரிக்கத்தானே வேண்டும்? தெரு கும்பிட்டது. ஆரியசாலைக் கடைக்காரர்கள் வந்தார்கள். கோயில் கோட்டைக்குள்ளிருந்து மாமிகள் வந்தார்கள். கர்ப்பூரமும் பூவும் வந்து குவிந்தன. பழம் கொண்டு வந்தவர்களை மாமா ரேழியிலேயே மறித்து, "அன்னமே வேண்டாதவளுக்குப் பழம் எதுக்கு? தபஸைக் கெடுக்காதீங்கோ" என்று திருப்பி அனுப்பினார். வாழைப்பழக் குலை ஒன்று வாசல்வரை வந்து திரும்பிப் போனதைப் பார்த்துத் தம்பி அழுதான். கர்ப்பூரத்தைத் தின்ன முடியாதே!

அத்தையின் சிரிப்பு நின்றுவிட்டது. கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. வந்தவர்கள் அதைத் 'தேஜஸ்' என்றார்கள்.

எனக்கு மாமா சொன்னதில் பாதி நம்பிக்கை இருந்தது, ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் அப்போது அதே பாடம்தான். தமிழ்ப் பிரிவுக்கும் மலையாளப் பிரிவுக்கும் சேர்த்து எங்களுக்கு ஒரே சயன்ஸ் டீச்சர். சொந்த ஊர் நெய்யாற்றின்கரைப் பக்கம், அவர் பேசுகிற தமிழில் முக்கால்வாசி மலையாளம். தோட்டத்து மரச்சீனிச் செடியில் ஓர் இலையின் நடுவில் கறுப்புக் காகிதத்தைச் சுற்றி வைத்திருந்தார். மறுநாள் அந்த இலையைப் பறித்து, சுடுதண்ணிக்குள் வைத்த ஸ்பிரிட்டில் போட்டு வேகவைத்தார். பச்சை எல்லாம் இறங்கி இலை வெளுத்துப் போயிற்று. அதை அலசிப் பீங்கான் தட்டில் விரித்து, மேலே அயோடினைச் சொட்டினார்.

இலை கண்ணெதிரே கறுத்தது. கருநீலம், நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி. காகிதம் மூடியிருந்த இடம் மட்டும் கறுக்கவில்லை, அயோடின் பட்ட பழுப்போடு வெளிறிக் கிடந்தது.

"கண்டோ பிள்ளாரே? வெயில் பட்ட ஸ்தலத்தில் மாவு உண்டு. வெயில் படாத்த ஸ்தலம் பட்டினி. மாவு எவிடெ உண்டோ, அவிடெ அயோடின் நீலமாகும்." பிறகு ஒரு கிழங்குத் துண்டை எடுத்து அதிலும் ஒரு சொட்டு விட்டார். குப்பென்று கறுத்தது. "இது எந்தா? கிழங்கு இல்ல, வெயிலாக்கும்! இலை சமைச்ச வெயிலை மாவாக்கி, செடி மண்ணுக்குள்ள சேர்த்து வச்சிருக்கு."

நான் எழுந்து, "டீச்சர், மனுஷாளுக்கு இப்படி முடியுமா?" என்று கேட்டேன்.

"மனுஷ்யன் பச்சை நிறமோ? செடி சமைச்சதைத் தின்ன மாத்திரம் நமக்கு விதி. வெயிலத்து நின்னால் தலை சுத்தும், அவ்வளவுதான்." வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அப்படியானால் அத்தை?

அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது முற்றத்தில் யாருமில்லை, அத்தை மட்டும்தான். எழுந்து நிழலுக்குப் போகப் பார்த்தவள் தடுமாறி, முற்றத்துக் கல்லில் கால் கட்டை விரலை இடித்துக்கொண்டாள். ரத்தம் வந்தது. நான் ஓடிப்போய் மாடத்திலிருந்து டிங்சர் பாட்டிலை எடுத்து வந்தேன். அந்தப் பாட்டில் உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும், ரப்பர் மூடி போட்ட பழுப்புக் கண்ணாடிப் பாட்டில். எரியும் என்பதால் நாமெல்லாம் கண்டால் ஓடுவோமே, அதுதான். அதுவும் அயோடின்தான் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

பஞ்சில் நனைத்து விரலில் வைத்தேன். அத்தை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு 'ஸ்ஸ்' என்றாள். பாட்டில் சாய்ந்து டிங்சர் கல்லில் ஓடியது. பக்கத்தில்தான் அவளுடைய செப்புச் செம்பு இருந்தது. வாய் ஓரம் நசுங்கிய பழைய செம்பு, அம்மா காலையிலும் மாலையிலும் துளசி மிதக்கவிட்டுத் தீர்த்தம் கொண்டுவந்து வைப்பது. அதிலிருந்து சிந்திய தீர்த்தம் கல்லில் திட்டாக நின்றது. டிங்சர் அதைப் போய்த் தொட்டது.

கருநீலம்!

அத்தையின் விரலில் டிங்சர் பழுப்பாகவே இருந்தது. அதே டிங்சர் கல்லில் நாவல்பழம். அத்தை கண்ணைத் திறப்பதற்குள் நான் பாவாடை நுனியால் அதைத் துடைத்தேன், ஏன் துடைத்தேன் என்று தெரியாது. நேரே அடுக்களைக்கு ஓடினேன்.

அந்த அடுக்களைக்கு ஒரே ஒரு ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. பகலிலும் விளக்கு வேண்டும். அம்மா அந்த இருட்டில் சோற்றுப் பானையைச் சரித்துக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தீர்த்தத்துல மாவு இருக்கு! டிங்சர் பட்டு நீலமாயிடுத்து! அத்தை நிஜமாவே வெயிலை மாவாக்கி..."

அம்மாவின் கை என் வாயை வந்து அடைத்தது. ஈரக் கை, கஞ்சி வாசனை. அவள் கண் அப்படி விரிந்து நான் பார்த்ததே இல்லை.

"உரக்கப் பேசாதே. வெளியில தெரிஞ்சுதோ, அத்தை அந்தக் கஞ்சித் தெளிவையும் விட்டுடுவா. செத்துப் போயிடுவாடீ. புரியறதா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தச் செம்பில் இருந்தது தண்ணீர் இல்லை. வடித்த கஞ்சி, நாலு பருக்கையை மசித்துக் கரைத்தது. செம்புக்குள் இருட்டு, மேலே துளசி, யாருக்குத் தெரியப்போகிறது? மாமா பச்சையம் என்றாரே, அது எங்கள் அடுக்களையிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

"அத்தைக்குத் தெரியாதா?"

"தெரியாது. தெரியவும் கூடாது. கேட்டுக் குடுத்தா அவா வாங்கமாட்டா. ரோஷக்காரி."

"அப்போ இது யாரோட கஞ்சி? உனக்கு?"

"நான் அப்பறமாச் சாப்பிட்டுக்கறேன். நீ போய்ப் பாடம் படி."

இந்த 'அப்பறமா'வை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அப்பா சாப்பிட்டு, குழந்தைகள் சாப்பிட்டு, வந்தவர்கள் போனவர்கள் சாப்பிட்டு, பாத்திரம் ஒழித்து, அடுப்பை மெழுகி, அப்புறம் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் அவர்கள் சாப்பிடுவதாக நமக்கெல்லாம் ஒரு நினைப்பு. எப்போதாவது எட்டிப் பார்த்திருக்கிறோமா? அத்தை சாப்பிடுகிறாளா என்று ஊரே முற்றத்தில் காவல் நின்றது. அம்மாவைப் பார்க்க அந்த வீட்டில் ஒரு நாதி இல்லை.

இதற்குள் தெருவில் ஒரு மாமி, "ராத்திரி கதவைச் சாத்திண்டு தோசை வார்த்துத் தின்னறாளாக்கும்" என்று கிளப்பிவிட்டாள். மாமாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோட்டையிலிருந்து பெரிய மனுஷர்கள் வருகிறார்கள், அவர்கள் எதிரே அத்தையைப் பரீட்சை பண்ணிக் காட்டப்போகிறேன் என்றார். ஆற்றிலிருந்து அவரே தீர்த்தம் எடுத்து வருவார், இனிமேல் அது ஒன்றுதான் அத்தைக்கு, வீட்டார் கையால் எதுவும் கிடையாது. அப்பா பெருமையாகத் தலையாட்டினார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ரேழி கொள்ளாத கூட்டம். பங்குனி பிறக்கப் போகிற வெயில், முற்றத்துக் கல்லில் கால் வைக்க முடியவில்லை. அத்தை மணைமேல் உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்துக் கண் பாதி மூடியிருந்தது. மாமா ஜரிகை வேஷ்டி கட்டி, வெள்ளிச் செம்பைத் தூக்கிக்கொண்டு நின்றார். அப்பா விசிறியோடு பெரிய மனுஷர்களைச் சுற்றி வந்தார்.

அப்போது அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். கையில் அதே செப்புச் செம்பு.

"இன்னிக்கு அது வேண்டாம்மா" என்றார் மாமா. "நான் கொண்டுவந்திருக்கேன். இனிமே நதித் தீர்த்தம் ஒண்ணுதான்."

"இது ஒரு வாய் மட்டும் குடிச்சுக்கட்டும், மாமா."

"சொல்லிண்டே இருக்கேனே! உள்ள போம்மா."

அம்மா போகவில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை பேசிப் பழகாதவள், அத்தனை ஆண்கள் எதிரே முற்றத்தில் இறங்கி நின்றாள். வெயிலில்தான் அவளை நான் சரியாகப் பார்த்தேன். அந்த இருட்டு அடுக்களைக்குள் தெரியாதது எல்லாம் இங்கே தெரிந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. காகிதம் மூடின அந்த இலை மாதிரி வெளுத்திருந்தாள். வளையல் முழங்கை வரை ஏறிக் கிடந்தது.

"அக்கா, குடிச்சுடுங்கோ" என்றாள். அவ்வளவுதான். செம்பு முதலில் விழுந்தது, அம்மா அதன்மேல் விழுந்தாள்.

கல்லில் கஞ்சி ஓடியது. வெள்ளைக் கஞ்சி, அதில் மசியாத பருக்கைகள், நடுவே இரண்டு துளசி இலை. மாமா வெள்ளிச் செம்பைப் பிடித்தபடி அந்தப் பருக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை நகர்ந்தாள். அசைய முடியாதவள் என்று நாங்கள் நினைத்தவள் மணையிலிருந்து இறங்கி, தவழ்ந்து போய் அம்மாவின் தலையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

"அடிப்பாவி! பாதியை நீ குடிச்சுட்டு மீதியைத்தான் எனக்குத் தரேன்னு நெனச்சேனேடீ! முழுசையுமா எனக்கு ஊத்தினே!"

அப்போ அத்தைக்குத் தெரியும்! முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் குடித்திருக்கிறாள். சாப்பிடு என்று ஒருத்தர் கூப்பிடாத வீட்டில் தானாக வந்து தட்டின் முன்னால் உட்கார அவளுக்கு மனசு வரவில்லை. சாகவும் மனசு வரவில்லை. யாரோ ஒருத்தி தனக்கு ரகசியமாகக் கஞ்சி ஊற்றுகிறாள் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு அத்தனை நாள் வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள்.

அத்தை தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தாள்.

"ஒரு வாய் குறையணும்னயேடா. எந்த வாய் குறையறதுன்னு வந்து பாரு."

அப்பாவின் கையிலிருந்து விசிறி நழுவியது. அவர் முகம் கோணிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். என்ன சொன்னோம், எப்போது சொன்னோம் என்று அவர் தேடுவது தெரிந்தது. பிறகு கிடைத்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

யாரோ ஓடிப்போய் ஜங்ஷன் டாக்டரைக் கூட்டி வந்தார்கள். டாக்டர் முதலில் அத்தையைத்தான் பார்க்க வந்தார். அத்தை அவர் கையைத் தள்ளி அம்மாவைக் காட்டினாள். அவர் அம்மாவின் கண் இமையை விரித்துப் பார்த்தார், நகத்தை அமுக்கிப் பார்த்தார். "இவங்க ஆகாரம் சாப்பிட்டு எத்தன நாளாயி?" என்று கேட்டார்.

யாருக்கும் தெரியாது. புருஷனுக்குத் தெரியாது, பெற்ற பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையைப்போல ஒரு கேவலத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

"மருந்து ஒண்ணும் வேண்டா. சர்க்கரைத் தண்ணி கொடுங்க, பின்னே ஆகாரம். ரெண்டாளுக்கும், கொஞ்சம் கொஞ்சமாயிட்டு. அரிசி இல்லெங்கில் கிழங்கு கொடுங்க. இந்த ஊரில் கிழங்குக்குப் பஞ்சமோ?"

அரிசிப் பானை காலி. மறுநாள்தான் ரேஷன். அப்பா எழுந்து சட்டை போடாமல், மேல்துண்டோடு வெளியே போனார். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். தோளில் ஒரு கொத்து மரச்சீனிக் கிழங்கு, வேரும் மண்ணுமாக. பையில்லை, துணியால் மூடவில்லை. தெரு நடுவில், அத்தனை பேர் பார்க்க, நெஞ்சில் செம்மண் வழிய நடந்து வந்தார். மாமா குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குள் போய்விட்டார். டெல்லிக்கு அவர் எழுதினாரா என்று யாரும் அப்புறம் கேட்கவில்லை.

தோலை உரிக்கவே எங்களுக்குத் தெரியவில்லை. அத்தைதான் உட்கார்ந்த இடத்திலிருந்து, கீறு, பிதுக்கு, முதல் தண்ணியைக் கொட்டு என்று சொன்னாள். அப்பாவும் நானும் வேகவைத்தோம். கிழங்கு வேகிற வாசனை தெரு முழுக்கப் போயிற்று. எங்கள் மானம் எங்கேயும் போகவில்லை.

ஒரு தட்டில் கிழங்கை மசித்து, உப்பும் தேங்காயெண்ணெயும் விட்டுப் பிசைந்து முற்றத்தில் கொண்டுவந்து வைத்தேன். வெயில் சாய்ந்து பாதி முற்றம் நிழலாகியிருந்தது. அத்தை ஒரு வாய் எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். எச்சில், பத்து, சோறு தொட்டாலே தீட்டு என்று நாள் முழுக்கக் கை அலம்புகிற வீடு அது. ஒரே தட்டு, அத்தையின் கை, அம்மாவின் வாய்.

"முதல்ல நீங்க, அக்கா. நான் அப்பறமா..."

"அப்பறமும் கிடையாது, கிப்பறமும் கிடையாது. வாயைத் தொற."

அம்மா வாயைத் திறந்தாள். அத்தை ஊட்டினாள், அதே கையால் தானும் ஒரு வாய் போட்டுக்கொண்டாள். பிறகு மறுபடியும் அம்மாவுக்கு. அப்பா தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நாங்கள் எல்லோரும் அம்மாவின் வாயையே பார்த்தோம். அவள் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டு மென்றாள்.

மெல்லும்போது அம்மாவின் இடது கன்னத்தில் ஒரு குழி விழுந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயசு. அந்தக் குழியை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.